ஆசிட் செக்‌ஷன் வெல்லம்

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவை நீங்கள் பார்த்ததில்லை. நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூரில் வெள்ளைக்காரர்கள் நடத்திய இரும்புக் கம்பி கம்பெனியில் அவருக்கு வேலை. கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் போவார்.

அந்தக் கம்பெனியின் சரித்திரத்தை நைனா சொல்லிக் கேட்க வேண்டும். சீமையில் யாரோ ஒருவர் குதிரை லாயத்தில் உட்கார்ந்து தையல் ஊசிக்குக் கம்பி இழுக்க ஆரம்பித்தாராம். அப்புறம் பியானோவுக்கு, பாலத்துக்கு, கப்பலுக்கு என்று இழுத்து இழுத்து நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டார்களாம். கம்பெனியில் சேரும்வரை ஊரார் வயலில் கூலி வேலை செய்த நைனா, தானே அந்தக் கப்பலில் வந்திறங்கியவர் மாதிரி சொல்வார்.

கம்பியை இழுப்பதற்கு முன் துரு போக ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். நைனாவுக்கு அந்த வேலை. புகை தொண்டையில் தங்காமலிருக்க, அந்த செக்‌ஷன்காரர்களுக்கு மட்டும் தினமும் ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். நைனா அதைத் தின்னாமல் எனக்குக் கொண்டுவருவார். ஆசிட் தெறித்து அவர் சட்டையெல்லாம் சல்லடை. வெல்லம் வைக்கும் பையை மட்டும் அம்மா ஒட்டுப்போட்டுத் தைத்திருப்பாள்.

நான் மூன்றாவது படிக்கும்போது நைனாவுக்கு இருமல் அதிகமானது. கம்பெனி கைமாறப் போகிறது, அதை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்புகிறார் என்று பேச்சு. போவதற்குள் நைனாவை, ஆசிட் புகை இல்லாத பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றித் தருவதாகத் துரை சொல்லியிருந்தார். மறுநாள் போய்ச் சரியென்றால் போதும். அன்று சாயங்காலம் அம்மாவின் முகமே மலர்ந்திருந்தது.

"பேக்கிங்ல வெல்லம் குடுப்பாங்களா நைனா?" என்று கேட்டேன்.

"அங்க இன்னாத்துக்குடா வெல்லம்? சாக்குதான் கீது, கடிக்கிறியா?"

நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா கையை ஓங்கினாள். நைனா தடுத்தார்.

"வுடு, கொயந்த அயுவுது. பொங்கல் கயிச்சி மாறிக்கிறேன். தொர எங்க ஓடிடப் போறாரு?"

"நீ இருமறது தெருக்கோடிக்குக் கேக்குதுய்யா. நாளைக்கே போய்ச் சொல்லு. வெல்லம் நா வாங்கித் தரேன் அவனுக்கு."

"கட வெல்லம் வாணாம், கம்பெனி வெல்லந்தான் வேணும்" என்று நான் இன்னும் பலமாக அழுதேன். நைனா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பொங்கலுக்கு முன்பே துரை கப்பலேறிவிட்டார். புதிதாக வந்தவர்கள், ஆள் மாற்றுவதற்கில்லை என்றார்கள். இன்னும் இரண்டு வருஷம் எனக்கு வெல்லம் வந்தது. அதன் பிறகு நைனா படுத்தார், எழுந்திருக்கவில்லை.

வெல்லத்துக்காக நான் புரண்டு அழுத அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிள்ளைகளே. மறுநாள் பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் உட்காரும் பையனிடம் மார்தட்டிச் சொன்னேன்:

"நா அயுதேன்டா. எங்க நைனா பேக்கிங்குக்குப் போவல."