அந்தோணியாரின் வீல் கப்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு, திரேஸ்புரத்தில் கெபி என்று சொல்கிற ஒரு தெருமுனைச் சிறு கோயிலுக்குள் நான் முதலில் பார்த்தது எங்கள் காரின் நாலாவது வீல் கப்பை. அதற்கு முன்னால் அந்தோணியார் நின்றுகொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் செம்புக் கம்பியால் கட்டப்பட்டு, கதிர் கதிரான வரிகளோடு அது மின்னியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வாரம்தான் எனக்கு முதல் கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தார்கள். எதைப் பார்த்தாலும் உடனே மணியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

"சித்தப்பா, நம்ம வீல் கப்பு சாமிக்குப் பின்னால இருக்கு."

மீன் வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பிய சித்தப்பா அப்படியே நின்றார். மீன் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கெபியின் கம்பிக் கதவில் முகத்தைப் பதித்தார். பையிலிருந்து ஒரு பூனை மீனை இழுத்துக்கொண்டு போனதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

அந்தக் கார், தாத்தாவின் அண்ணன் கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கி, கப்பலில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த ஜப்பான் கார். பின்பக்கத்தில் இருந்த கம்பெனிப் பெயரில் மூன்று எழுத்துகள்தாம் மிஞ்சியிருந்தன. வீட்டில் யாரும் அதைக் கார் என்றும் சொல்வதில்லை, கம்பெனிப் பெயரும் சொல்வதில்லை. "ஜப்பான் இன்னைக்கு எந்திக்குமா, இல்ல படுத்தேதான் கெடக்குமா?" என்று அப்பா காலையில் பல் விளக்கும்போதே கேட்பார்.

சித்தப்பா கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். ஆறு வருடமாக அந்தக் காரைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருந்தார். அந்த மாடலுக்கு இந்தியாவில் உதிரி பாகம் கிடையாது என்று எல்லா மெக்கானிக்குகளும் சொல்லியிருந்தார்கள். அவர் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளாமல் வசவாக எடுத்துக்கொண்டார். பிரேக் சிலிண்டர் புதுப்பேட்டையில் கிடைத்தது. பின்விளக்குக் கண்ணாடி கொச்சியிலிருந்து வந்தது. முன்கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர், பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெட்டி வாங்கியது. வாட்டர் பம்ப்பைக் கொழும்பில் பழைய உதிரி விற்கும் ஒருவர் பார்சலில் அனுப்பினார். போனில் எல்லா வியாபாரிகளும் "இருக்கு சார்" என்றுதான் சொல்வார்கள். வருவது வேறொன்றாக இருக்கும். ஒருமுறை கார்பரேட்டர் ஜெட் கேட்டதற்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நாசில் வந்தது. ஆத்திரத்தில் அதையே மாட்டிப் பார்த்தார். கார் ஓடியது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீல் கப். சக்கரத்தின் நடுவே பொருத்துகிற அந்த மூடிகளில் மூன்று இருந்தன. நாலாவது, தாத்தாவின் அண்ணன் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போன ஏதோ ஒரு நாளில் கழன்று ஓடிப் போயிருந்தது.

அப்பாவுக்கு வத்தல் வியாபாரம். கார் நின்ற குடோன் அவருக்கு வேண்டியிருந்தது. எப்போது கேட்டாலும் "இன்னும் முடியல" என்றே ஆறு வருடம் பதில் கேட்டவர், அந்த வருடம் தவணை வைத்தார். "பொங்கலுக்குள்ள வேலைய முடிச்சு முழுக் காரா வெளிய எடு. இல்லன்னா காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டு மூடைய அடுக்குதேன்."

இந்த நிலையில்தான் அந்தோணியாரைப் பார்த்தோம்.

கெபியை ஒட்டிய வீடு ஒரு தண்டலுடையது. தோணியைச் செலுத்துபவரை அங்கே தண்டல் என்பார்கள். அகன்ற தோளும் நரைத்த மீசையும் உள்ள மனிதர். மாலத்தீவுக்குப் போய்த் திரும்பிய களைப்போடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, அது எங்க காருல உள்ளதாக்கும்" என்றார் சித்தப்பா.

தண்டல் தெருவில் நின்ற காரின் மூன்று மூடிகளையும் குனிந்து பார்த்தார். கெபிக்குள் இருந்ததையும் பார்த்தார்.

"சரிதான் தம்பி. எங்கப்பா கடக்கரையில கண்டெடுத்தது. கப்பல்லருந்து விழுந்துருக்கும்னு நெனச்சிருக்காரு. முப்பது வருசமா அவருக்குத்தான்" என்று அந்தோணியாரைக் காட்டினார். "தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுக் குடுக்கதுதான் அவரு வேல. கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாருல்லா? அதோட அவரு பாடு முடிஞ்சுது. எடுக்கணும்னா ஊர்க் கமிட்டி சொல்லணும்."

"கமிட்டி எப்ப கூடும்?"

"வார ஞாயிறு பாப்போம்."

சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் வழக்கம்போல நடுங்கிக்கொண்டே எழுந்தது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு சிலிண்டர் அடிக்கல."

தண்டலின் மகள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பத்து வயதிலிருந்து அப்பாவின் தோணி எஞ்சினோடு வளர்ந்தவர் என்பது பிறகு தெரிந்தது. "மூணாவதுன்னு நெனைக்கேன். காது கேக்கலியா ஒங்களுக்கு?" என்றார். பானெட்டைத் திறந்து, மூன்றாவது பிளக்கின் வயரைக் கழற்றினார். எஞ்சின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை; அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துத்தான் கிடந்தது. ஆறு வருடத்தில் அந்தக் காரைத் தொட்ட ஒரு மெக்கானிக்கும் இதைச் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது சித்தப்பா வீடு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே ஓட்டினார்.

அடுத்த ஞாயிறு கமிட்டியில் ஒருவர் கடலுக்குப் போயிருந்தார். அதற்கடுத்த ஞாயிறு தெருவில் ஒரு துக்கம். மூன்றாம் ஞாயிறு கமிட்டி கூடியது. ஆனால் கிரிக்கெட் பந்து விழுந்து உடைந்த கூரை ஓடு பற்றிப் பேசியே கலைந்தது. ஒரு வாஷர் ஒரு நாள் தாமதமானால் போனில் கத்துகிற சித்தப்பா, "அதுக்கென்ன, மெதுவாப் பேசட்டும். கோயில் காரியமுல்லா" என்றார். அவருக்குப் பொறுமை வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

வேறு சிலவற்றையும் கவனித்தேன். வீல் கப் கேட்கப் போவதற்குச் சித்தப்பா காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை முகச்சவரம் செய்தார். தண்டலின் மகளிடம் காட்டுவதற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு பாகத்தைக் கொண்டுபோனார். முதலில் கழற்றி வைத்திருந்த பழைய கார்பரேட்டர், பிறகு வைப்பர் மோட்டார். எல்லாவற்றையும் புத்தம் புதுத் துண்டில் சுற்றியிருந்தார். கழற்றக்கூடியது தீர்ந்துபோனதும் ஹார்னைக் கழற்றினார். ஹார்னில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் வாசலில் குந்தி, ஒரு ஸ்குரூவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியதை என் கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: முதல் வாரம் தண்டலை வாய்க்கு வாய் அண்ணாச்சி என்றவர், நாலாவது வாரத்திலிருந்து அவரை எந்த முறையும் சொல்லி அழைக்கவில்லை. "வந்து... டீ குடிச்சாச்சா?" என்று பொதுவாகக் கேட்டார். மரியாதை குறைந்துவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம், டிக்கியில் என் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. கொழும்புத் தமிழ்ப் பேப்பரில் சுற்றியிருந்ததைப் பிரித்தால், பளபளவென்று ஒரு வீல் கப்.

"அது அளவு சரியில்லளா. தெரியாம அனுப்பிட்டான்" என்றார் சித்தப்பா, மிக வேகமாக. உடனே கடைக்குப் போய் எனக்கு மக்ரூன் வாங்கித் தந்தார்.

மக்ரூனைத் தின்று முடித்தபின் அடிஸ்கேலால் அளந்தேன். காரில் இருந்த மூடிகள் ஒன்பதேகால் அங்குலம். இதுவும் ஒன்பதேகால் அங்குலம். சித்தப்பா சரியாக அளக்கவில்லை என்று முடிவு செய்தேன். பெரியவர்களைத் திருத்தக் கூடாது என்பதால் பேசாமல் இருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கமிட்டி உண்மையாகவே கூடியது. கெபிக்கு முன்னால் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"உடைமைக்காரரு வந்து கேக்காரு. மூணு மாசமா தவறாம வாராரு. இவ்வளவு பொறுமையான ஆள நான் பாத்ததில்ல. குடுத்துருவோம். பதிலுக்கு லைட்டு எரியுத வட்டம் ஒண்ணு வாங்கித் தாரேன்னு முதல் நாளே சொல்லியிருக்காரு."

சித்தப்பா அவசரமாக முன்னால் வந்தார். "அவசரம் ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு மூணு வாரம் நல்லா யோசிச்சு..."

"என்னவே, பொங்கலுக்குள்ள வேணும்னு நீருதான சொன்னீரு?"

அதற்குள் ஒருவர் கட்டிங் பிளேயரோடு ஸ்டூலில் ஏறிவிட்டார். தினமும் அங்கே மெழுகுதிரி ஏற்றுகிற பாட்டி ஒருவர் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

"முப்பது வருசமா அந்த வட்டத்தப் பாத்துத்தான கும்புட்டேன். வெறுந்தலையா நிக்கவர எப்படிப் பாப்பேன்?"

எனக்குத் தாங்கவில்லை. பொங்கலுக்குள் முடியாவிட்டால் கார் எடைக்குப் போய்விடும்; முடிய வேண்டுமென்றால் பாட்டி அழ வேண்டும். இரண்டுக்கும் விடை டிக்கியில் இருந்தது. ஓடினேன்.

"பாட்டி, அழாதீங்க. எங்ககிட்ட நாலாவது ஏற்கெனவே இருக்கு. சித்தப்பா தப்பா அளந்துட்டாங்க. நான் ஸ்கேல் வச்சு அளந்தேன், சரியா இருக்கு."

ஸ்டூலில் நின்றவர் கையைத் தூக்கியபடி நின்றார். தண்டல் என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். வெறுமையாக இருந்த சக்கரத்தில் மூடியை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். டக் என்று உட்கார்ந்தது. பிறகு சுற்றியிருந்த பேப்பரை நீட்டிப் பிடித்துத் தேதியைப் படித்தார்.

"இது ரெண்டு மாசத்துக்கு முந்தின பேப்பரு."

"ஆமா. கொழும்புலருந்து வந்துச்சு" என்றேன் பெருமையாக.

"அப்ப ரெண்டு மாசமா எதுக்குவே வந்தீரு?"

சித்தப்பா அந்தோணியாரைப் பார்த்தார். கமிட்டியும் அந்தோணியாரைப் பார்த்தது. பிறகு ஐந்து பேரும் ஒவ்வொருவராகத் தண்டலின் வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே அவர் மகள் எங்கள் ஹார்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவில்லை. வாயைப் பொத்தியிருந்தார், தோள் குலுங்கியது.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் பாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சும்மா கெடந்த என்னய அழ வச்சிட்டானே, பாவிப்பய."

தண்டல் குனிந்து சக்கரத்திலிருந்து மூடியைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வண்டிய எடும்."

"வந்து... அந்தக் கப்பு..."

"வண்டிய எடும்னேன்."

கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. நாலு சிலிண்டரும் அடித்தன. மணி ஐந்து பதினொன்று.

பொய் சொன்னதுதான் சண்டைக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன். அதைச் சரிசெய்ய ஒரு வழியும் வைத்திருந்தேன். "சித்தப்பா, அந்த நாலாவத அவருக்கே குடுத்துட்டோம்னு சொல்லிருங்க. கோவம் போயிரும். அப்புறம் நாம அங்க போகவே வேண்டாம்." சித்தப்பா வழியில் ஆடு, சைக்கிள், ஐஸ் வண்டி எது குறுக்கே வந்தாலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "ஏலே, வெலகு! வெலகு!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "சித்தப்பா! ஹார்னு அங்கயே இருக்கு!"

"இருக்கட்டும்ளா" என்றார். "அங்கயே இருக்கட்டும்." மறுபடியும் மக்ரூன் வாங்கித் தந்தார், இந்த முறை அரைக் கிலோ. இவ்வளவு திட்டு வாங்கி, வீல் கப்பையும் ஹார்னையும் இழந்து வருகிற ஒருவர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் சித்தப்பா மூன்று மூடிகளோடு காரைக் குடோனிலிருந்து எடுத்துத் தெருவில் நிறுத்தினார். "முடிஞ்சுட்டு" என்றார். ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்ட அப்பா, சக்கரங்களைப் பார்க்க மறந்துவிட்டார். அன்று மாலையே குடோனில் வத்தல் மூட்டைகள் ஏறின.

அதன் பிறகு ஒன்றரை வருடம் இரண்டு வீடுகளிலும் எழுந்த சத்தத்தைப் பற்றி என்னால் முழுமையாக எழுத முடியாது. எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் என்னை மாடிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இப்போது காரைப் பெரும்பாலும் சித்திதான் ஓட்டுகிறார். ஹார்னைத் தன் கையாலேயே திரும்ப மாட்டினார். போன மாதம் அவர்களோடு திரேஸ்புரம் போயிருந்தேன். கெபியில் அந்தோணியாருக்குப் பக்கத்தில் ஒரு மாதா சுரூபமும் இருக்கிறது. அதன் தலைக்குப் பின்னால் தண்டல் செம்புக் கம்பியால் கட்டிய வட்டம், ஒன்பதேகால் அங்குலம். காரில் வீல் கப்புகள் மூன்று.