சுத்தமாகக் கொடுத்த எச்சில்

எங்கள் பள்ளிப் பஸ்ஸின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. வீட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா இன்று காலை ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார்" என்று மாணிக்கம் அண்ணனின் மகன் குமார் போட்டிருந்தார். அதற்குக் கீழே வந்த முதல் பதில் அனுதாபம் இல்லை. "பஸ்ஸை மருந்து போட்டுக் கழுவியாச்சா?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார். கும்பிடுகிற கைப் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

அந்தக் கேள்வியை நான் மறக்கப்போவதில்லை.

மாணிக்கம் அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெலுத்தோங் பிளாட்டுகளிலிருந்து பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் மஞ்சள் பஸ் அவருடையது. பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை என்னுடையது. என் சின்னப் பேரப்பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான். அவர் என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். சொந்தமெல்லாம் இல்லை. பக்கத்தில் நின்று வேலை செய்து வந்த உறவு.

சேர்ந்த முதல் நாளே அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான். "தங்கச்சி, பிள்ளைங்க கத்தட்டும், அடிச்சிக்கட்டும், பரவால்ல. எவனும் துப்பக்கூடாது. துப்புற வாய்க்கு என் பஸ்ஸுல சீட்டு இல்ல."

ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே காறித் துப்பினான். அண்ணன் இறங்கிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஊத்திக் கழுவு தம்பி" என்றார்.

"ஏன் அண்ணே, இது உங்க தாத்தா போட்ட ரோடா?"

"இல்ல லா. ஆனா மிதிக்கப்போறது உன் பிள்ளைதான்."

அவன் ஊற்றிக் கழுவினான். பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் இருமல் வந்தது.

தீபாவளிக்குப் பிறகு பிடித்தது, விடவே இல்லை. ஜுரு என்கிற ஊரில் இருக்கும் அவர் மச்சான், தன் வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரையைக் கொடுத்தார். அண்ணன் அதைச் சாப்பிட்டார். கொஞ்ச நாள் அடங்கிற்று, பிறகு மறுபடியும். உடம்பு இளைத்தது, சட்டை தொளதொளத்தது. பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே ஓட்டினார். ஒருநாள் அவரே சொன்னார்: "இது காசநோயா இருந்தா என்ன பண்றது தங்கச்சி? அத்தனையும் பச்சைப் பிள்ளைங்க. பாத்துடணும்." யாரும் அவரை அனுப்பவில்லை. பிள்ளைகளுக்காக அவராகவே கிளினிக்குக்குப் போனார்.

அங்கே இருந்த மிஸி, அதாவது நர்ஸ், ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, "காலையில சளி எடுத்துட்டு வாங்க அங்கிள்" என்றதோடு சரி. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

மறுநாள் அந்த டப்பாவோடு பஸ்ஸுக்கு வந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"சுத்தமாக் குடுத்திருக்கேன் தங்கச்சி. பல்லு விளக்கி, நாக்கு வழிச்சி, உப்புத் தண்ணியில நல்லாக் கொப்புளிச்சிட்டுத்தான் துப்புனேன். கண்ணாடி மாதிரி இருக்கு. பாவம், அந்த மிஸி பொம்பளப் பிள்ளை. தொறந்து பாக்கிறப்ப அருவருப்பாப் போயிடக்கூடாதில்ல?"

பிள்ளைகளைப் பள்ளியில் விடாமல் கிளினிக்குக்குப் போகமாட்டார். அதுவரைக்கும் டப்பா கண்ணாடி ஓரத்தில் வெயிலிலேயே இருந்தது. கிளினிக்கில் வாங்கியவர்கள் அதைப் பார்க்கத்தானே செய்திருப்பார்கள்? தண்ணீர் மாதிரி இருக்கிறதே, இது சளி இல்லையே, வேறு கொண்டு வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

காசநோய் இல்லை என்று முடிவு வந்தது. வயசு, ரோட்டுப் புகை என்று சொல்லி டாக்டர் இருமல் மருந்து கொடுத்தார். அண்ணன் லிட்டில் இந்தியாவில் பூந்தி வாங்கி வந்து பஸ்ஸில் எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தார். இருமிக்கொண்டே கொடுத்தார்.

அதற்குப் பிறகும் இளைத்துக்கொண்டே போனார். வீட்டில் அண்ணி வற்புறுத்தவே, மறுபடியும் அதே கிளினிக்கு. டாக்டர் பழைய முடிவைப் பார்த்துவிட்டு, "அதான் பாத்தாச்சே" என்றாராம். "டாக்டரே இல்லேன்னுட்டாரு லா" என்று அண்ணனும் பஸ்ஸை எடுத்தார். நோய் அவருக்குள்ளே இருந்தது. அது இல்லை என்ற பேச்சு மட்டும் ஊரெல்லாம் இருந்தது.

ஒருநாள் துண்டில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த மிஸி பக்கத்திலேயே நின்று, "நல்லா மூச்சை இழுத்து, நெஞ்சு அடியிலேருந்து இருமி எடுங்க அங்கிள். எச்சி வேணாம்" என்று சொல்லி வாங்கினார். அதில் காசநோய் என்று தெரிந்துவிட்டது. நெஞ்சு எக்ஸ்ரே படமும் அதையே காட்டியது.

முகமூடி போட்டுக்கொண்டு நான் பார்க்கப் போனபோது அண்ணன் சொன்னார்: "அவங்க கேட்டது அசிங்கத்தை, தங்கச்சி. நான் சுத்தத்தைக் குடுத்திட்டேன்."

என் மூத்த பேத்தி லேபில் வேலை செய்கிறாள். சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். அவள் விளக்கினாள்: "கிருமி நெஞ்சுச் சளியில இருக்கும் பாட்டி. எச்சியில தேடினா எப்படிக் கிடைக்கும்? அந்த மிச்ச மாத்திரை வேற கிருமியைச் சாகடிக்காம அமுக்கி வச்சிருக்கும். வெயில்ல வச்சதும் தப்பு. இல்லைன்னு வந்தா, குடுத்ததுல கிடைக்கலைன்னுதான் அர்த்தம். உடம்புல இல்லைன்னு அர்த்தம் இல்ல." ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே இது விளங்கியது. டப்பா கொடுத்த அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவருக்கும் விளங்கியிருக்கும்.

பஸ் பிள்ளைகள் எல்லாரையும் ஊசி குத்திப் பரிசோதித்தார்கள். எனக்கும் பார்த்தார்கள். யாருக்கும் இல்லை என்று வந்தது. நல்ல செய்தி என்று நம்பி, ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அப்போது அவருக்குப் பேச மூச்சுப் போதவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னார்:

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

பிறகு என் கையை இழுத்து, "மறுபடி பாக்கச் சொல்லு" என்றார். அவர் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

பத்து கந்தோங் என்கிற இடத்துச் சுடுகாட்டில் ஆள் குறைவு. அவர் பஸ்ஸில் வளர்ந்து வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! வந்தவர்களில் பாதிப் பேர் வெளி கேட்டோடு திரும்பிவிட்டார்கள். எரிகிற உடம்பிலிருந்து எது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்களோ தெரியவில்லை.

டாக்டர்களும் அவர் சொன்னதையேதான் சொல்கிறார்கள். நோய் உள்ளே போனவுடனே பரிசோதனையில் தெரியாதாம். சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயமாம். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பஸ்ஸைக் கழுவியாச்சா என்று கேட்ட அதே தாய், "ஒருதடவை இல்லேன்னு வந்தாச்சு ஆன்ட்டி. எதுக்குப் பிள்ளையை மறுபடியும் குத்தணும்?" என்று கதவைச் சாத்தினார். செத்தவரின் பஸ்ஸைப் பார்த்துப் பயம். தன் பிள்ளையின் நெஞ்சைப் பார்க்க மட்டும் தைரியம் இல்லை.

பதினாறாம் நாளுக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு மாலை வாங்கி வரவேண்டாம். வருகிற சனிக்கிழமை காலை குமார் பஸ்ஸை எடுக்கிறார். பள்ளிக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. பிளாட்டுக்குக் கீழே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் நிற்பேன். ஒரு பிள்ளை வந்தாலும் பஸ் போகும். வராத பிள்ளையின் பெயரைக் கீழே நின்று கூப்பிடுவேன். எந்த மாடி என்றாலும் கேட்கும், என் தொண்டை அப்படி.

நீங்கள் போங்கள் அண்ணே. பிள்ளைகளை நான் ஏற்றுகிறேன்.