பாதிப் படத்துக்குப் பச்சை டேக்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்த வினையெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். மைக்ரோமீட்டரும் கையுமாக மெஷினுக்கு மெஷின் நடக்கிற வேலை. எனக்கென்றே செய்து வைத்த வேலை.

1. கேன்டீன் ஆணி

அளந்து பார்த்த பீஸுக்கு டேக் கட்டுவோம். பச்சை என்றால் ஓகே, மஞ்சள் என்றால் ரீவொர்க், திருத்தினால் தேறும், சிவப்பு ரிஜெக்ட். ஒருநாள் விளையாட்டாக, படித்து முடித்த துப்பறியும் நாவல் ஒன்றின் பெயரைச் சிவப்பு டேக்கில் எழுதி, கேன்டீன் சுவரில் காலண்டர் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன். ‘பத்தாம் பக்கத்திலேயே கொலைகாரன் தெரிந்துவிடுகிறான்.’

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர், “அடுத்தது இன்னாக்கா?” என்று கேட்டார்கள். அதன் பிறகு திங்கள்கிழமைதோறும் ஒரு புத்தகம், ஒரு படம். பேய் நாவலுக்கு மஞ்சள்: ‘நடுவில் ஐம்பது பக்கம் கடைந்து எடுத்தால் ஓகே.’ காதல் படத்துக்குப் பச்சை: ‘டாலரன்ஸ் அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும்.’

சூப்பர்வைசர் முதலில் கத்தினார். “ஏம்மா, கம்பெனி டேக்க சினிமாவுக்கு மாட்றியே, ஆடிட்ல வந்து எவன் பதில் சொல்றது?” அடுத்த வாரம் அவரே வந்து, “ஞாயித்துக்கிழம வூட்டு ஆளுங்களோட சினிமாவுக்குப் போறேன், எதுனா சொல்லேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. முதல் பீஸ்

ஷாகுல் சிஎன்சி லேத் ஆபரேட்டர், பூந்தமல்லிக்காரன். அவனுக்கும் நூர்ஜஹானுக்கும் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. எட்டு மாதமாக அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவன் மெஷினை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தான்.

“யக்கா, நாளிக்கு சினிமாவுக்கு வரேன்னு அவளே சொல்லிக்கீறா. சிரிக்கிற மாரி ஒரு படம் சொல்லு. அய்வற படம் வாணாம்.”

அந்த வாரம்தான் வீட்டு புரோக்கர் ஒருவரைப் பற்றிய நகைச்சுவைப் படத்துக்குப் பச்சை மாட்டியிருந்தேன். “கண்ண மூடிகினு போ” என்றேன்.

நான் பார்த்தது இடைவேளை வரைதான். வயிறு வலிக்கச் சிரித்தேன், பிறகு வழக்கம் போலக் கால் பரபரத்தது, எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் காலையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் முதல் பீஸை அளந்து கையெழுத்துப் போடுவோம். அது சரியாக வந்தால் அன்று ஓடும் மொத்த லாட்டும் சரி என்று அர்த்தமில்லை. ஓட ஓட டூல் தேயும், நடுவிலும் கடைசியிலும் அளந்தாக வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் இதைத் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான்.

3. திங்கள்கிழமை

ஷாகுல் அந்தப் பச்சை டேக்கை என் மேஜையில் வைத்தான்.

“இண்டர்வெல்லுக்கு அப்பால இன்னா ஆவுதுன்னு தெரியுமாக்கா?”

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கௌரவம் விடவில்லை. “கொஞ்சம் சோகமா போவும்” என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

“அந்த புரோக்கரு பொண்ணுக்குக் கொயந்த செத்துப் பொறக்குதுக்கா. தெரிஞ்சேவா எங்கள அனுப்புன?”

டேக்கை எடுத்து டிராயருக்குள் போட்டேன். அவன் போய்விட்டான். அதன் பிறகு பீஸைக் கொண்டுவந்து வைப்பான், அளந்ததும் எடுத்துக்கொண்டு போவான், ஒரு வார்த்தை கிடையாது. மேனாம்பேட்டில் என் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தே மூன்று ராத்திரியைக் கழித்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிப் பொய்க்காரி என்று பெயர் வாங்குவதா, சொல்லாமல் விட்டுக் கல்நெஞ்சக்காரி என்று பெயர் வாங்குவதா? நான்காம் நாள் லீவ் போட்டுவிட்டுப் போய் மிச்சப் படத்தைப் பார்த்தேன். அந்தக் காட்சியில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் லேத் பக்கத்தில் போய் நின்றேன். “ஷாகுல், அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்டா. பாதியிலயே எந்திரிச்சி வந்துட்டேன். மீதியப் பாக்காமலேயே பச்சை மாட்டினேன்.”

அவன் மெஷினில் பாய்ந்துகொண்டிருந்த கூலண்ட் தண்ணீரை மூடினான். “பாக்கலன்னு அன்னிக்கே சொல்லிக்கலாம் இல்ல? தெரிஞ்சே பண்ணிட்டியோன்னு நெனச்சி நாலு நாளா துன்ன சோறு எறங்கலக்கா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

4. ஆணியில் இப்போது

ஆணியில் இருந்த டேக்குகளை எல்லாம் கழற்றி எறிந்தேன். இரண்டு வாரம் கழித்து ஷாகுல் வந்து சொன்னான். “வேற படத்துக்குப் போலாம்னு கூப்டேன், மாட்டேங்குறா. டேக் மாட்ன அக்கா கூட வந்து, கடேசி வரிக்கும் குந்திகினு பாத்தாதான் வருவாளாம்.”

போனோம். எனக்கும் ஷாகுலுக்கும் நடுவில் நூர்ஜஹான். முக்கால் படம் ஓடியிருக்கும், என் கால் ஆட ஆரம்பித்தது, கை தானாகப் பையைத் தேடியது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் முட்டி மேல் கையை வைத்து அழுத்தினாள்.

“குந்துக்கா. இன்னும் முடியல.”

விளக்கு போடும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது, நானும் இருந்தேன்.

தம்பிகளே, தங்கச்சிகளே, புத்தகமோ படமோ பீஸோ, எதுவரை பார்த்தீர்களோ அதுவரைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மீதியைப் பார்க்கவில்லை என்று எழுதுவதில் அவமானம் ஒன்றுமில்லை. அடுத்து வந்த திங்கள்கிழமை, நாங்கள் மூவரும் பார்த்த அந்தப் படத்துக்கு ஆணியில் பச்சை டேக் ஒன்று மாட்டினேன். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் இல்லை, நூர்ஜஹான் என்று எழுதியிருந்தேன்.