வயித்துக்குப் போடச் சொன்ன கிழங்கு

1938 அல்லது 39 இருக்கும். எனக்குத் தலைப்பிரசவம். அம்மா உயிரோடு இல்லாததால், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மாமியார் வீட்டிலேயே பார்ப்பதென்று முடிவு செய்திருந்தார்கள்.

விடிந்ததிலிருந்து வலி. பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி பக்கத்து ஊரில் இன்னொரு பிரசவத்தில் இருந்தார். கூப்பிடப் போன என் வீட்டுக்காரர், அவர் சொன்னதை அப்படியே வந்து சொன்னார். கண்வலிக்கிழங்கை அரைத்து வயித்துக்குப் போடுங்க, பின்னாலேயே வாரேன் என்றாராம்.

அந்தக் கொடி எங்கள் வேலியிலேயே படர்ந்து, செக்கச்செவேலென்று பூத்துக் கிடக்கும். நாத்தனார் கிழங்கைத் தோண்டி வந்து அரைத்தார். வயிற்றுக்கு என்றால் உள்ளுக்குத்தானே என்று வெந்நீரில் கலக்கிக் கிண்ணத்தை நீட்டினார். வலி நின்றால் போதுமென்று நானும் கை நீட்டினேன். மாமியார் இடையில் வாங்கிக்கொண்டார்.

"பொறு சாமி. நா வாயில வெச்சுப் பாத்துட்டுத் தாரேன்."

யாருக்கு மருந்து கொடுத்தாலும் அவருக்கு அது பழக்கம். ஒரு மடக்கு விழுங்கினார். நாக்கு மரத்துப்போகிறது என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். சற்றுப் பொறுத்து வந்த மருத்துவச்சி, அதைப் பார்த்ததும் வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்.

"மேலுக்குப் பத்துப் போடத்தானுங்க சொன்னேன். உள்ள போனா உசுரு தங்காதுங்க."

பொழுது சாயப் பையன் பிறந்தான். அவன் அழுகிற சத்தம் கேட்டும் மாமியாரால் எழுந்து வர முடியவில்லை. வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லை. பிழைப்பாரா என்று எல்லோரும் பயந்திருந்தோம். எப்படியோ தேறினார். ஆனால் கொஞ்ச நாளில் சீப்பு வைத்த இடமெல்லாம் முடி கொத்தாகக் கையோடு வந்தது. கிழங்கின் விஷத்தால் தலை மொட்டையாகிவிட்டது.

மொட்டை பேரனுக்கா, பாட்டிக்கா என்று கிணற்றடியில் ஒருத்தி கேலி செய்தாள்.

"பேரனுக்கு முடி வளர நாளாகுமுங்க. அதுக்குள்ள முருகனுக்கு நா குடுத்துட்டனுங்க" என்றார் மாமியார், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு.

நிசம் தெரிந்தால் மருத்துவச்சியை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள், அரைத்த மகளையும் ஊர் பேசும் என்றுதான் அப்படிச் சொன்னார். எங்களிடமும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. முடி மறுபடி வளர்ந்தது, முழுக்க நரையாக.

இப்போதும் யாராவது பச்சிலையோ கிழங்கோ நல்லதென்று சொன்னால், மேலுக்கா உள்ளுக்கா என்று கூச்சத்தை விட்டுக் கேட்டுவிடுகிறேன். கேட்காமல் போனதற்காக எனக்குப் பதில் இன்னொருவர் விழுங்கிப் பார்த்தது ஒரு ஆயுளுக்குப் போதும்.