பத்து மணி பத்துக்கு வரும் போன்

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. திருச்சியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராகக் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஜோகூர் பாருவுக்கு விமானம் ஏறியிருந்தேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித் தர வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மருமகளோடு சண்டை வரும் என்ற பயமும் ஒரு காரணம், மறைப்பானேன்!

ஊரின் ஓரத்தில் இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துப் பொது மண்டபம்தான் வகுப்பறை. வெள்ளியும் சனியும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்பு. வகுப்பை ஏற்பாடு செய்து நடத்தியவர் பக்கத்திலேயே உணவகம் வைத்திருந்த ஒரு பாய். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். பிள்ளைகளுக்குக் காலைப் பசியாறலும் அவர் கடையிலிருந்துதான் வரும். இருபத்திரண்டு பிள்ளைகள். முக்கால்வாசிப் பேரின் பெற்றோர் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

முதல் வகுப்புக்கு முந்தின நாளே பாய் என்னிடம் சொன்னார், "டீச்சர், போன் விஷயத்துல மட்டும் கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க." நான் எங்கே கேட்டேன்! நான் நடந்து வரும் செருப்புச் சத்தத்துக்கே ப்ளஸ் டூ வகுப்பு கப்சிப் ஆகிவிடும் என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம். "போன் எல்லாம் என் வகுப்பில் நடக்காது பாய்" என்று சொல்லிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

மறுநாள் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தபோது சரியாகப் பத்து மணி பத்துக்கு ஒரு போன் அடித்தது. கடைசி வரிசையில் இருந்த பத்து வயதுப் பெண் அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் போய்ப் பிடுங்கி, அணைத்து, என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். "டீச்சர், அம்மா டீச்சர்" என்றாள். "அம்மாவிடம் பன்னிரண்டு மணிக்குப் பேசலாம்" என்றேன். பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை "அலமாக்!" என்று மலாயில் ஐயையோ போட்டு வாயைப் பொத்திக்கொண்டது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் மண்டபத்துக்குள் ஓடி வந்தாள். தொழிற்சாலைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மகளைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"அடிச்சி எடுக்கலன்னா கூட பரவால்ல டீச்சர். ஆஃப்னு வருது. திரும்ப அடிச்சேன், அப்பவும் ஆஃப். நான் என்னான்னு நெனைப்பேன், சொல்லுங்க?" என்றாள். பிறகு மகளின் பையை எடுத்துக்கொண்டாள். "இனிமே வேணாம். தங்காக்ல இருக்கிற எங்க அக்காகிட்டயே விட்டுர்றேன்."

கைப்பையைத் திறந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவர்கள் போனதும் பாய்தான் விவரம் சொன்னார்.

"புருசன் தவறிட்டாரு டீச்சர். தாயும் மகளும்தான். ஸ்கூல் நாள்ல பயமில்ல. வெள்ளி சனி புள்ள வீட்டுல தனியா இருக்கணும். அதனால ரெண்டு மணி நேரம் தள்ளி, தங்காக் டவுன்ல துணிக்கடையில வேல செய்யிற அவங்க அக்கா, புள்ளய என்கிட்ட குடு, குடுன்னு கேட்டுகிட்டே இருக்காங்க. போன வருசம் இந்த வகுப்பு ஆரம்பிச்சதாலதான் தன்கூடவே வெச்சிகிட்டாங்க. வகுப்பு முடிஞ்சா, அம்மா வர்ற வரைக்கும் புள்ள என் கடையிலதான் இருக்கும். ஃபேக்டரியில போன் எல்லாம் பெட்டியில பூட்டிருவாங்க. பத்து பத்துக்கு ரெஸ்டு. அந்தக் கா மணி நேரத்துலதான் புள்ள குரலக் கேக்கலாம்."

ஒரு தாயையும் மகளையும் சேர்த்து வைத்திருந்தது இந்த வகுப்பு. முதல் நாளே அதைக் கெடுத்த புண்ணியவதி நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏழாவது மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை, மூச்சு வாங்கியது. தாய் மட்டும் இருந்தாள். "மகள் எங்கே?" என்றேன். "ஸ்கூலு டீச்சர். இன்னிக்கு எனக்கு லீவு, அவளுக்கு ஸ்கூலு. அவளுக்கு லீவுன்னா எனக்கு வேல. பழகிருச்சி லா" என்று சிரித்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விடுமுறை, இந்தப் பக்கம் ஒரு விடுமுறை. தாயும் மகளும் ஒன்றாக வீட்டில் இருக்க வாரத்தில் ஒரு முழுநாள்கூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஆனாலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, விடுங்க டீச்சர்" என்று பதறிப்போய் காப்பி கலக்க உள்ளே போனாள். மேசையில் சில தாள்கள் கிடந்தன. நம் கண்தான் சும்மா இருக்காதே! எல்லாம் தசமக் கணக்கு. பாதிக்கு மேல் தப்பு.

கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள். தொழிற்சாலையில் பொருள்களை அளந்து சோதிக்கும் பிரிவுக்கு ஒரு தேர்வு வைப்பார்களாம். அதில் தேறினால் வாரத்துக்கு ஐந்து நாள்தான் வேலை, சனிக்கிழமையும் விடுமுறை. ஒருமுறை எழுதித் தோற்றுவிட்டாள். அடுத்த தேர்வுக்கு எட்டு வாரம் இருந்தது.

"நான் சொல்லித் தருகிறேன்" என்று குதித்தேன். அவள் பின்வாங்கினாள். "வேணாம் டீச்சர். உங்க முன்னுக்கு உக்காந்தா எனக்கு ஃபாரம் டூ ஞாபகம் வந்துரும். கணக்கு டீச்சருக்குப் பயந்துதான் நான் ஸ்கூல விட்டு நின்னேன்."

ஃபாரம் டூ என்றால் நம்மூர் எட்டாம் வகுப்பு. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் என்னைப் பற்றி இப்படி எங்கெங்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ! காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். நான் மகளுக்குச் சொல்லித் தருவது, மகள் பத்து மணி பத்துக்கு அம்மாவுக்குச் சொல்லித் தருவது. தேர்வு முடியும்வரை தங்காக் பேச்சு கிடையாது. "தோத்துட்டா அக்காகிட்ட விடறத தவிர வேற வழியில்ல டீச்சர். எத்தன நாளைக்குத்தான் பயந்துகிட்டே வேல செய்யிறது?" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த வெள்ளியிலிருந்து வகுப்பில் பத்து மணி பத்துக்கு ஒரு டீச்சர் மாறுவார். அந்தப் பெண் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, போனைச் சத்தமாக வைத்துப் பாடம் நடத்துவாள். மற்ற பிள்ளைகள் பசியாறியபடியே கேட்டுக்கொண்டிருக்கும். கேண்டீன் இரைச்சலுக்கு நடுவே அம்மா கத்திக் கத்திப் பதில் சொல்வாள். "கவனம் எங்கே இருக்கு? இங்கே பாரு!" என்று என்னைப் போலவே குரலை உயர்த்தி மகள் அதட்ட, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. போனில் அம்மா எங்கே பார்ப்பது! நானும்தான் சிரித்தேன்.

ஒருநாள் அம்மா ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாள். 0.5 பெரிதா, 0.45 பெரிதா? நாற்பத்தைந்துதான் பெரிது என்று பிடிவாதம். நான் கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு விளக்கியிருந்தேன். ஆனால் போனில் கரும்பலகை ஏது? மகள் போனை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"ம்மா, அஞ்சுக்குப் பின்னால ஒரு சைபர் போட்டுக்க. போட்டியா? இப்ப படி."

"அம்பது."

"அது?"

"நாப்பத்தஞ்சு... ஓ! அப்படியா லா!"

நான் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னதை அவள் அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அதைவிட, என் மாணவி என்ற பெருமைதான் பெரிது. அன்று மாலை பாய் கடையில் டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

தேர்வு முடிந்தது. பத்து நாளாக முடிவு வரவில்லை. தங்காக் அக்கா பள்ளி மாற்றத்துக்கு வேண்டிய தாள்களைக் கேட்டுப் போன் செய்துவிட்டதாக அந்தச் சிறுமி சொன்னாள். அன்றிலிருந்து பாடம் நடத்தும் சாக்கில் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. அவள் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"டீச்சர், பாஸ் லா டீச்சர். திங்கக் கெழமையிலேர்ந்து புது வேல."

இருபத்திரண்டு பிள்ளைகளும் போட்ட கூச்சலில் பாய் கடையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். நான் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமைதான் என் கடைசி வகுப்பு. வருகைப் பதிவு எடுத்துக்கொண்டே வந்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவர்கள் மாடியிலேயே குடியிருக்கும் ஒரு சிறுமி எழுந்து, "வர்றப்ப கதவத் தட்டிக் கூப்புட்டேன் டீச்சர். ரெண்டு பேரும் இன்னும் தூங்குறாங்க!" என்று புகார் சொன்னாள். மணி ஒன்பது பத்து. தினமும் விடியுமுன்னே எழுந்து பாலத்துக்கு ஓடியவள், மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கும் தூங்குகிறாள்.

திருச்சியில் இன்றைக்கும் யாராவது, "மலேசியாவுக்குப் போய் என்ன சாதித்தீர்கள்?" என்று கேட்டால், என் கெட்டிக்கார மாணவி ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வராமல் தன் அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கினாள் என்றுதான், தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன்.