மூன்றாம் முறை கேட்கும் வரை

அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் மினசோட்டாவில் யாரும் எதையும் முதல் முறையே வாங்கிக்கொள்வதில்லை. கேக் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால் வயிறு நிறைந்திருக்கிறது என்பார்கள். மூன்றாம் முறை கேட்டால்தான், ஏதோ உங்கள் மனம் நோகக் கூடாதே என்பதுபோல் தட்டை நீட்டுவார்கள். தேவாலய விருந்தில் கடைசித் துண்டு கேக்கை எடுக்க ஒருவருக்கும் கை வராது. ஆளாளுக்குப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய், எறும்புக்கும் போதாத ஒரு துணுக்கு மிஞ்சும். அதைத் தூக்கிப் போடவும் மனசு வராது.

இந்த ஊரில் பிறந்த மார்லிஸ் ட்வெய்ட், வேண்டியதை வாய் திறந்து கேட்கப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் பயிற்சி உதவியாளர். திக்கும் பிள்ளைகள், பேச்சே வராத பிள்ளைகள் எல்லாம் அவள் அறைக்குத்தான் வருவார்கள். முழுப் பயிற்சியாளர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும். அதை ஆன்லைனில் படித்தாள். வீட்டில் இணையம் நொண்டியடித்ததால் பள்ளி விட்டதும் பிக்கப் வண்டியை நூலகத்தின் பக்கம் நிறுத்தி, ஸ்டியரிங்கில் கணினியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வகுப்பு. சொந்த வண்டியிலேயே குடியிருக்கிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது. அவளிடம் நேரில் கேட்டவர் யாருமில்லை. கேட்டால் அது எங்கள் ஊரே இல்லை.

பாடத்தில் ஒரு உத்தி வந்தது. பிடித்த பொருளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியை இறுக்கிக் கண்ணெதிரே வைக்க வேண்டும். வாயைத் திறந்து கேட்கும் வரை கொடுக்கக் கூடாது. சும்மா காத்திருக்க வேண்டும். மார்லிஸ் அதைப் புருஷன் மேலேயே பழகிப் பார்த்தாள். ஆர்டன் பீட்ரூட் விவசாயி. வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அன்றைக்கு மழை என்று அர்த்தம். அவனுக்கு உயிரான ஊறுகாய் வெள்ளரியை ஜாடியில் போட்டுப் பலம் கொண்ட மட்டும் மூடி வைத்தாள். ஆர்டன் ஜாடியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், வெறும் ரொட்டியைத் தின்றான்.

"வெள்ளரி வேணாமா?" என்று கடைசியில் அவளே தோற்றாள்.

"பரவால்ல. ரொட்டியும் நல்லாத்தான் இருக்கு." வாரக்கணக்கில் அப்படியே தின்றான் அந்த மனுஷன்.

படிப்பு முடிய ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பெரியவர் ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பதைப் பேராசிரியை கேமரா வழியாகப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம். பள்ளியோ அதுவரை காத்திருக்காது, முழுப் பயிற்சியாளர் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். மார்லிஸுக்கு அந்த வேலை வேண்டும். வெளியில் சொன்னதில்லை, ஆனால் வெறியோடு வேண்டும்.

முதியோர் இல்லத்தில் இருந்த லவோன் ஆஸ்ட்பிதான் அவளிடம் பயிற்சிக்கு வந்தவர். தேவாலயச் சமையலறையை ஒரு காலத்தில் ஆட்டிப் படைத்த அம்மாள். பக்கவாதத்துக்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகத் தேடித்தான் வந்தன. தானாக ஒன்றைக் கேட்க வைப்பதுதான் பயிற்சி. ஒரு முறைக்கு மேல் தூண்டினால் மதிப்பெண் கிடையாது. மார்லிஸ் கேமராவைப் போட்டுவிட்டு, எலுமிச்சைக் கேக்கைக் கண்ணாடி டப்பாவில் வைத்தாள். லவோனின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"லவோன், உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

"வே...ணாம். பர...வால்ல."

மார்லிஸ் காத்திருந்தாள். லவோனும் காத்திருந்தார். இரண்டு மினசோட்டாக்காரர்கள் காத்திருக்கத் தொடங்கினால் பனிக்காலமே வந்து போய்விடும். மார்லிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது எவ்வளவு மரியாதைக்கேடு! தாங்க முடியாமல், "கொஞ்சூண்டு கேக்?" என்றாள்.

"ஐ...யோ, வேணாம்."

"ஒரே ஒரு துண்டு?"

"சரி... உனக்காக."

மதிப்பெண் போச்சு. மறுநாள் வண்டியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். பேராசிரியை டாக்டர் கப்போசி நியூ ஜெர்சிக்காரர், படபடவென்று பேசுவார்.

"நீங்களே மூணு தடவை தூண்டிட்டீங்க மார்லிஸ். அந்தம்மா தானா எதுவுமே கேக்கல. வியாழக்கிழமை எனக்கு நேரம் இருக்கு, இன்னொரு தடவை பார்க்கட்டுமா? வேணுமா?"

"ஐயோ, வேணாம் டாக்டர். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகப் பணிவாகப் புன்னகைத்தாள்.

"அப்படியா? சரி, மார்க்கை இன்னிக்கு சாயங்காலம் அனுப்பிடறேன்." திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் மார்லிஸின் புன்னகை மட்டும் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நடந்ததைச் சொன்னபோது ஆர்டன் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான்.

"ரெண்டாம் தடவை கேக்கலையா?"

"கேக்கல."

"என்ன பொம்பள அது!"

எழுந்து போய் வெள்ளரி ஜாடியைக் காலி செய்து, கழுவித் துடைத்து, அவளுடைய கைப்பேசியை உள்ளே போட்டான். பீட்ரூட் பிடுங்கும் கையால் மூடியைத் திருகினான். அவள் எதிரே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஆர்டன், விளையாடாதே."

அவன் காத்திருந்தான். இந்தக் கலையில் அவனை வெல்ல ஆளில்லை. அவள் மூடியோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, மார்க் கிளம்பும் நேரம்.

"ஃபோனைக் குடு! எனக்கு அது வேணும்! இப்பவே வேணும்!"

"இதையே அந்தம்மாகிட்டச் சொல்லு" என்று திறந்து கொடுத்தான்.

கப்போசியை அழைத்துச் சொன்னாள். முகம் தீயாகச் சிவக்க, "டாக்டர், எனக்கு அந்த வியாழக்கிழமை வேணும்" என்றாள். "முதல்லயே சொல்றதுக்கென்ன? வாங்க" என்றார் கப்போசி. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் மார்லிஸால் நம்ப முடியாததாக இருந்தது.

வியாழக்கிழமை கேக் டப்பாவை வைத்தாள். வேணுமா என்று கேட்கவில்லை. நடந்ததை அப்படியே லவோனிடம் சொன்னாள், ஜாடி உட்பட. "நான் கேட்டுட்டேன் லவோன். இடி ஒண்ணும் விழல."

லவோன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மார்லிஸ் இன்னொரு முறை கேட்டுவிடாதபடி வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"கேக்... வேணும்" என்றார் லவோன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெ...ரிய துண்டு."

பட்டம் கைக்கு வந்த பிறகு, இலையுதிர் காலத்தில் பள்ளித் தலைமையாசிரியர் எங்கென் அவளைக் கூப்பிட்டார். நல்ல உள்ளூர்க்காரர்.

"மார்லிஸ், அந்த முழுப் பயிற்சியாளர் வேலை இருக்கே, உங்களுக்கு வேணுமா?"

"வேணும்."

எங்கென் திகைத்துப்போனார். பாவம், இரண்டாம், மூன்றாம் முறை கேட்பதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தார். மிச்சமாகிப்போன உபசாரத்துக்கு வழி தேடி, தன் காப்பியைத் தூக்கி அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.