சித்தப்பா எனக்குத் தராத வக்காலத்து

கொள்ளிடக் கரையில் பிறந்தவள் நான், கடலூரில் வக்கீல். எங்கள் ஊர்த் தடுப்பணையில் ஒரு கம்பெனி சிறிய நீர்மின் நிலையம் கட்ட அனுமதி வாங்கியது. நினைத்த நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கரை வளைகளில் இருக்கும் நீர்நாய்க் குட்டிகள் மூழ்கிவிடும், மீன்குஞ்சும் தங்காது என்று ஊரார் வழக்குப் போட்டார்கள். வலையைக் கிழிக்கிறதென்று அதே நீர்நாயைக் காலமெல்லாம் ஏசியவர்கள்தான். அது போகட்டும். வக்காலத்தை எனக்குத் தராமல், திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் வகுப்புத் தோழனுக்குக் கொடுத்தார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

அவன் நீர்நாயைக் கண்ணால் கண்டதில்லை. ஆற்றுக்கு அழைத்துப் போனால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலேயே நிற்பான். ஆனால் பேப்பரில் 'ஆற்றைக் காக்கும் வக்கீல்' என்று அவன் படம். அந்தப் பேப்பரில்தான் அன்று பஜ்ஜி எண்ணெயை ஒற்றினேன்.

தீர்ப்பாய விசாரணை வீடியோவில், அவன் ஆபீசிலிருந்தே நடந்தது. வேன் பிடித்து வந்த ஊர்க்காரர்களோடு நானும் போய், கேமராவில் விழாத மூலையில் உட்கார்ந்தேன். "வளைகள் அணைக்கு மேலேயா, கீழேயா?" என்று திரையில் நீதிபதி கேட்டார். அவன் காகிதங்களைப் புரட்டினான், புரட்டிக்கொண்டே இருந்தான். நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஆனால் தோற்றால் போவது என் ஆறு. 'கீழே, வடகரை நாணல் காடு' என்று துண்டுச்சீட்டில் எழுதி அவன் பக்கம் தள்ளினேன்.

"நானே நேர்ல போய்ப் பார்த்தேன், அய்யா" என்றான் கூசாமல்.

கட்டுமானத்துக்கு இருந்த தடை நீடித்தது. ஊரார் பக்கெட்டில் உயிரோடு கொண்டுவந்திருந்த விராலை அவன் கையில் கொடுத்தார்கள். எனக்கு டீ கொடுத்தார்கள்.

வழக்கின் முதல் மனுதாரர் என் சித்தப்பா. அவரை மாடிப்படியில் மறித்தேன்.

"ஏன் சித்தப்பா, நான் செத்தா போயிட்டேன்? என்கிட்ட ஏன் குடுக்கல?"

"கோச்சிக்காத பாப்பா. சொந்தத்துல வக்காலத்து குடுக்கக் கூடாதுன்னு ஊரே சேந்துதான் முடிவு பண்ணோம். நாளைக்கி தோத்துட்டா, அவர நல்லா நாலு வார்த்த திட்டிட்டு வேற வக்கீலப் பாப்போம். உன்ன எப்பிடிம்மா திட்டறது?"

மாடியில் அதற்குள் யாரோ அவனிடம் கத்த ஆரம்பித்திருந்தார்கள். "இன்னா வக்கீல் சார், அடுத்த தேதிய இவ்ளோ தள்ளி வாங்கிருக்கீங்க?"

படியில் நின்று முழுவதையும் கேட்டேன். அந்தத் திட்டுகூட எனக்கு வர வேண்டியது.